லிஃப்ட் போட்ட பிறகு ஸ்டியரிங் மிதக்கிறதா? அலைன்மென்ட் மெஷினுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிப்பவர்களுக்கும் புரியும். முன்னால் ஸாலிட் ஆக்ஸில் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே விறைப்பான அச்சு), காயில் ஸ்பிரிங், ஆக்ஸிலைச் சேஸிஸோடு பிணைக்கும் நான்கு கன்ட்ரோல் ஆர்ம் உள்ள வண்டி. வண்டியை 3 அங்குலம் உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டு 33 அங்குல டயர் மாட்டியிருக்கிறீர்கள். அதன் பிறகு நேர் ரோட்டில் ஸ்டியரிங் வீல் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது, 80 கி.மீ வேகம் தாண்டினால் வண்டி மிதக்கிறது, பள்ளத்தில் இறங்கி ஏறும்போது தானாக ஒரு பக்கம் வெட்டுகிறது, எப்போதாவது முன்பக்கம் மொத்தமாக உதறுகிறது. அலைன்மென்ட் பார்த்த இடத்தில் "ரீடிங் எல்லாம் சரி, ஸ்டியரிங் ஸ்டெபிலைசரை மாற்றிப் பாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள்.

ஸ்டெபிலைசரை, அதாவது ஸ்டியரிங் ஆட்டத்தை அடக்கும் டேம்பரை, இப்போது வாங்காதீர்கள். நீங்கள் சொன்ன நான்கும் நான்கு வெவ்வேறு காரணங்களால் வருபவை. வீல் சாய்ந்து நிற்பது டிராக் லிங்கின் (ஸ்டியரிங் பாக்ஸ் பக்கத்திலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு) நீளம், மிதப்பது பெரும்பாலும் கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்), பள்ளத்தில் வெட்டுவது பான்ஹார்ட் ராடுக்கும் (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் தண்டு) டிராக் லிங்குக்கும் உள்ள கோண வித்தியாசம், உதறுவது எங்கோ ஒரு மூட்டில் இருக்கிற ஆட்டம். ஸ்டெபிலைசர் இந்த நான்கில் எதையும் சரி செய்யாது. உதறலைக் கொஞ்ச நாள் மறைத்து வைக்கும், அவ்வளவுதான்.

மெஷினில் ரீடிங் சரியாக இருந்தும் வண்டி ஏன் சரியாக ஓடவில்லை என்பதுதான் எல்லோரையும் குழப்புகிற இடம். ஸாலிட் ஆக்ஸில் வண்டியில் கம்பெனி பாகங்களோடு அலைன்மென்ட் செய்கிறவரால் சுலபமாக மாற்ற முடிவது டோ ஒன்றுதான், அதாவது மேலிருந்து பார்த்தால் முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு. கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) ஆக்ஸில் குழாயிலேயே வெல்டு செய்து வைத்த கோணம். லிஃப்ட் போட்டாலும் போடாவிட்டாலும் அது அங்கேயேதான் இருக்கும். கேஸ்டர் ஆர்ம்களின் நீளத்தாலும் கோணத்தாலும் முடிவாகிறது, அதற்கான பாகம் வாங்கிப் போடாமல் நகராது. அதைவிட முக்கியம், மெஷின் அளப்பது சமதளத்தில் அசையாமல் நிற்கிற வண்டியை. சஸ்பென்ஷன் மேலும் கீழும் போகும்போது ஸ்டியரிங் என்ன செய்கிறது என்பது அந்தத் திரையில் வராது. அதனால் முதலில் இணைப்புகளின் கோணங்களைச் சரி செய்யுங்கள், மெஷினில் கடைசியாக ஏற்றுங்கள்.

எதையும் அளப்பதற்கு முன்னால் ஆட்டம் பாருங்கள். வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்கட்டும், எஞ்சின் ஓடட்டும், கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிடுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கால் சுற்று அளவுக்குத் தொடர்ந்து ஆட்டட்டும், நீங்கள் முன்னால் குனிந்து ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள்: பான்ஹார்ட் ராடின் இரண்டு முனை, டிராக் லிங்க் முனைகள், டை ராட் (இரண்டு முன் சக்கரத்தையும் இணைக்கும் தண்டு) எண்டுகள், பிட்மன் ஆர்ம் (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து வெளிவரும் கை), ஸ்டியரிங் பாக்ஸை சேஸிஸில் பிடித்திருக்கும் போல்ட்டுகள். மூட்டில் விரல் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் தெரியும், ஆனால் நசுங்குகிற இடத்தில் விரலை விடாதீர்கள். பான்ஹார்ட் ராட் போல்ட்டைத் தனியாகக் கவனியுங்கள். போல்ட்டுக்கும் பிராக்கெட் ஓட்டைக்கும் நடுவே அரை மி.மீ நகர்வு இருந்தாலும் அது பெரிய விஷயம். லூஸாக ஓடி ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்திருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, ஓட்டையைச் சரி செய்து சரியான விட்டமுள்ள போல்ட் போட வேண்டும். அப்புறம் ஜாக்கி வைத்து ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பால் ஜாயிண்டிலும் (சக்கரம் திரும்பும் மூட்டு) வீல் பேரிங்கிலும் உள்ள ஆட்டம் தெரிந்துவிடும். சில வண்டிகளில் பால் ஜாயிண்டுக்குப் பதிலாக கிங்பின் பேரிங் இருக்கும், சோதனை அதேதான்.

லிஃப்ட் வேலையிலேயே அதிகம் நடக்கும் தவறு ஒன்று இருக்கிறது. கன்ட்ரோல் ஆர்ம், பான்ஹார்ட் ராட் போல்ட்டுகளை சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிடுவது. கம்பெனி ரப்பர் புஷ்கள் (ஆர்ம் முனைகளில் போல்ட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் உருளைகள்) வழுக்கிச் சுழல்பவை அல்ல, உள் குழாயோடும் வெளி உறையோடும் ஒட்டியவை, முறுக்கித்தான் இயங்கும். தொங்கிய நிலையில் இறுக்கினால் வண்டி தரையில் நிற்கும்போதே புஷ் பாதி முறுக்கில் இருக்கும். ஓட்டம் விறைப்பாகும், வண்டி நிற்கிற உயரமே ஒரு சென்டிமீட்டர் மாறிப்போகலாம், கொஞ்ச நாளில் ரப்பர் கிழியும். எல்லா போல்ட்டுகளையும் தளர்த்தி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கி ஆட்டி, சில மீட்டர் முன்னால் உருட்டி, அந்த எடையிலேயே கம்பெனி சொன்ன டார்க்கில் (இறுக்கும் விசை அளவில்) இறுக்குங்கள். சிலருக்கு இது ஒன்றைச் செய்தவுடனேயே பாதிக் குறை போய்விடும்.

சரி, கேஸ்டர். பக்கவாட்டில் நின்று பார்த்தால், மேல் பால் ஜாயிண்டையும் கீழ் பால் ஜாயிண்டையும் இணைக்கும் கோடு மேலே பின்னோக்கிச் சாய்ந்திருக்கும், அந்தச் சாய்வுதான் கேஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பது போல. அந்தச் சாய்வு இருப்பதால்தான் கையை விட்டால் சக்கரம் தானாக நேராகத் திரும்புகிறது. ஆர்ம்கள் ஆக்ஸிலிலிருந்து பின்னோக்கிப் போய் சேஸிஸில் மாட்டியிருக்கின்றன. உடலை மேலே தூக்கினால் ஆர்ம்களின் முன்முனை கீழே போகிறது, ஆக்ஸில் முன்பக்கமாக உருள்கிறது, கேஸ்டர் குறைகிறது. அதே உருளலில் பினியனின் (ஆக்ஸிலில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் இடம்) மூக்கு மேலே ஏறுகிறது. இதை மறந்துவிடாதீர்கள், கொஞ்சம் கீழே இதற்கே திரும்ப வருவோம்.

எவ்வளவு குறையும் என்பது ஆர்ம் அமைப்பைப் பொறுத்தது. லேண்ட் க்ரூஸர் 80, ஜிம்னி மாதிரி ரேடியஸ் ஆர்ம் வண்டிகளில் ஆர்ம் ஆக்ஸிலோடு கிட்டத்தட்ட விறைப்பாகப் பிணைந்திருப்பதால், ஆர்ம் திரும்புகிற கோணம் அப்படியே கேஸ்டரில் இறங்கிவிடும். கணக்கு எளிது: சேஸிஸ் புஷ்ஷிலிருந்து ஆக்ஸில் மையம் வரை 900 மி.மீ என்று வையுங்கள், 50 மி.மீ லிஃப்ட் போட்டால் 3 டிகிரிக்குச் சற்று மேல் போய்விடும். இருந்ததே மூன்று நான்கு டிகிரி என்றால் மிச்சம் ஒன்றுமே இல்லை. உங்களுடையது போன்ற நான்கு ஆர்ம் அமைப்பில் மேல் ஆர்மும் கீழ் ஆர்மும் தனித்தனியாகச் சுழல்வதால் இழப்பு குறைவு, ஆனால் இரண்டும் ஒரே நீளமும் ஒரே கோணமும் இல்லாததால் இழப்பு நிச்சயம் உண்டு. ஜீப் ரேங்லர் ஜேகே-வுக்குக் கம்பெனி சொல்வது 4.2 டிகிரி சுமார். அதில் இரண்டு டிகிரி போனாலே ஹைவேயில் வண்டி அலைய ஆரம்பிக்கும்.

வீட்டிலேயே அளக்கலாம். டிஜிட்டல் ஆங்கிள் மீட்டர் ஒன்று போதும். தரை சமமாக இருக்க வேண்டும், அல்லது தரையின் சாய்வை முதலில் அளந்து கழித்துக்கொள்ள வேண்டும். ஆக்ஸில் முனையில் இயந்திரத்தில் சீவிய தட்டையான இடம் இருந்தால், அதாவது பால் ஜாயிண்ட் அமரும் முகம் மாதிரி, அதில் வைத்து நேராகப் படிக்கலாம். அப்படி இடம் கிடைக்காவிட்டால் இன்னொரு வழி: சக்கரத்தை நேர்நிலையிலிருந்து 20 டிகிரி ஒரு பக்கம் திருப்பி கேம்பர் அளவெடுங்கள், பிறகு 20 டிகிரி மறுபக்கம் திருப்பி அளவெடுங்கள், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 1.46-ஆல் பெருக்கினால் கேஸ்டர். கேஸ்டர் கேஜ் உள்ளே செய்வதும் இந்தக் கணக்குதான். இடது வலது இரண்டும் எடுங்கள். அரை டிகிரிக்குள் வித்தியாசம் என்றால் கவலையில்லை. அதற்கு மேல் என்றால் எந்தப் பக்கம் கேஸ்டர் குறைவோ அந்தப் பக்கம் வண்டி இழுக்கும். ஸாலிட் ஆக்ஸிலில் இரண்டு பக்கமும் பெரிதாக வேறுபட்டால், ஆர்ம் நீளங்கள் சமமாக இல்லை அல்லது ஆக்ஸில் குழாய் முறுக்கியிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

திரும்பக் கொண்டுவர பல வழிகள் உண்டு, எல்லாவற்றுக்கும் ஒரு விலை இருக்கிறது. ரேடியஸ் ஆர்ம் வண்டிக்கு மையம் விலகிய கேஸ்டர் புஷ் போடலாம், இரண்டு டிகிரி அளவுக்குத் திருத்தம் கிடைக்கும், ஆனால் ரப்பர் ஒரு பக்கம் மெலிந்துவிடுவதால் சஸ்பென்ஷன் நெளிகிற சுதந்திரம் குறையும். கரெக்ஷன் பிளேட் அல்லது ஆர்மின் சேஸிஸ் முனையை இறக்கும் டிராப் பிராக்கெட் இதைவிட முழுமையான தீர்வு. நான்கு ஆர்ம் வண்டிக்கு நீளம் மாற்றக்கூடிய ஆர்ம்கள்தான் சரி. கீழ் ஆர்மை நீட்டினாலும் கேஸ்டர் கூடும், மேல் ஆர்மைக் குறைத்தாலும் கூடும். இரண்டில் முதலில் கீழ் ஆர்மைத்தான் வாங்கச் சொல்வேன். லிஃப்டில் ஆர்ம்கள் செங்குத்தாகும்போது, அதாவது சாய்வு கூடும்போது, ஆக்ஸில் சற்றுப் பின்னால் இழுபட்டிருக்கும். கீழ் ஆர்மை நீட்டினால் கேஸ்டரும் வரும், சக்கரம் ஃபென்டர் நடுவுக்கும் திரும்பும். மேல் ஆர்மைக் குறைத்தால் ஆக்ஸிலின் மேற்பக்கம் இன்னும் பின்னால்தான் போகும். எவ்வளவு நீட்டுவது? ஆக்ஸிலில் மேல் மவுண்டுக்கும் கீழ் மவுண்டுக்கும் நடுவே 200 மி.மீ உயர வித்தியாசம் இருந்தால், கீழ் ஆர்ம்களை 10 மி.மீ நீட்டினால் கிட்டத்தட்ட 3 டிகிரி வந்துவிடும். அதனால் அரைச் சுற்று, ஒரு சுற்று என்று பொறுமையாக, இரண்டு பக்கமும் சம அளவில் போங்கள்.

டிராப் பிராக்கெட் பற்றி என் கருத்து: வண்டி பெரும்பாலும் ரோட்டில் ஓடுகிறது, எப்போதாவது மண்பாதை என்றால் அது மிக நல்ல தீர்வு. ஆர்மின் கோணத்தையே பழைய நிலைக்குக் கொண்டுவருவதால் கேஸ்டர் மட்டுமல்ல, பிரேக் பிடிக்கும்போதும் பள்ளத்தில் விழும்போதும் வண்டி நடந்துகொள்ளும் விதமும் பழையபடி ஆகிறது. பாறை மேல் ஏறுகிறவர்களுக்கு அது வேண்டாம், கீழே தொங்குகிற முதல் இரும்பு அதுதான்.

இப்போது பினியன். கேஸ்டரைக் கூட்ட ஆக்ஸிலைப் பின்னோக்கி உருட்டினால் பினியன் மூக்கு கீழே இறங்கும், முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் யூ ஜாயிண்ட் கோணம் கூடும். லிஃப்டால் ஷாஃப்ட் ஏற்கெனவே செங்குத்தாகியிருக்கிறது. முன் ஷாஃப்ட் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கிற வண்டிகளில், அதாவது முன் ஹப்பில் துண்டிப்பு இல்லாதவற்றில், குறிப்பிட்ட வேகத்தில் ஒரு அதிர்வு தொடங்கும். 3 அங்குலத்தில் 5 டிகிரி கேஸ்டரும் வேண்டும், ஷாஃப்டும் அமைதியாக இருக்க வேண்டும் என்றால் சில வண்டிகளில் இரண்டும் சேர்ந்து கிடைக்காது. நான் 4 முதல் 5 டிகிரிக்குள் நிறுத்திக்கொள்வேன், அதிர்வு வந்தால் அரை டிகிரி விட்டுக்கொடுப்பேன். ரொம்ப அதிகக் கேஸ்டரும் நல்லதல்ல, ஸ்டியரிங் கனமாகும், உதறலுக்கும் இடம் கொடுக்கும். 5, 6 அங்குலம் தூக்குகிறவர்கள் ஆக்ஸில் முனையில் இருக்கும் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) பிடியை வெட்டித் திருப்பி மறுபடி வெல்டு செய்கிறார்கள், பினியனும் கேஸ்டரும் தனித்தனியாகச் சரியாகும். அது ஜிக் வைத்து அனுபவமுள்ளவர் செய்ய வேண்டிய வேலை, உங்களுடைய 3 அங்குலத்துக்குத் தேவையே இல்லை.

பள்ளத்தில் வெட்டுவதற்கு வருவோம். இதைத்தான் கிட் விற்கிறவர்கள் அதிகம் கெடுத்துவைக்கிறார்கள். பான்ஹார்ட் ராட் ஒரு முனை சேஸிஸில், மறுமுனை ஆக்ஸிலில், ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கிறது. டிராக் லிங்க் பிட்மன் ஆர்மிலிருந்து எதிர்ப்பக்க நக்கிள் வரை போகிறது. சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது இரண்டுமே தத்தம் சேஸிஸ் முனையை மையமாக வைத்து ஒரு வில் வரைகின்றன. இரண்டும் இணையாகவும் கிட்டத்தட்ட ஒரே நீளமாகவும் இருந்தால் இரண்டு வில்லும் ஒன்றாகவே போகும், ஆக்ஸில் எவ்வளவு பக்கவாட்டில் நகர்கிறதோ அவ்வளவே டிராக் லிங்கும் நகரும், சக்கரம் திரும்பாது. இணையாக இல்லாவிட்டால் ஒன்று மற்றொன்றைத் தள்ளும், நீங்கள் ஸ்டியரிங்கைத் தொடாமலே சக்கரம் திரும்பும். பம்ப் ஸ்டியர் என்பது இதுதான்.

கம்பெனி வண்டியில் இரண்டும் இணையாகவே வரும். லிஃப்ட் போட்டால் இரண்டும் ஒரே மாதிரிச் செங்குத்தாகும், இணைத்தன்மை கெடாது. கெடுப்பது எது என்றால் பாதித் திருத்தம். டிராப் பிட்மன் ஆர்மை (கீழ் முனை இன்னும் இறங்கியிருக்கும் பிட்மன் ஆர்ம்) மட்டும் மாட்டினால் டிராக் லிங்க் படுக்கிறது, பான்ஹார்ட் ராட் சாய்ந்தே இருக்கிறது. பான்ஹார்டின் ஆக்ஸில் பிராக்கெட்டை மட்டும் உயர்த்தினால் அது படுக்கிறது, டிராக் லிங்க் சாய்ந்தே இருக்கிறது. இரண்டுமே வெட்டும். டிராப் பிட்மன் போட்டால் பான்ஹார்டின் சேஸிஸ் முனையையும் அதே அளவு இறக்க வேண்டும். பான்ஹார்டை ஆக்ஸில் பக்கம் உயர்த்தினால் டிராக் லிங்கையும் நக்கிளின் மேல்பக்கத்துக்கு மாற்ற வேண்டும். இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது, பாகங்கள் மேலே போகின்றன, வண்டி வளைவில் சாய்வதும் குறையும். டிராப் பிட்மன் ஆர்ம் நீளமாகக் கீழே தொங்குவதால் ஸ்டியரிங் பாக்ஸின் ஷாஃப்டுக்கு வளைக்கும் சுமை கூடுகிறது, பெரிய டயரோடு சேர்ந்தால் அது நல்லதல்ல. ஆனால் டிராக் லிங்கை மேலே மாற்றினால், சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது அது சேஸிஸிலோ பான்ஹார்டிலோ இடிக்கிறதா என்று ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ஜாக்கியால் தூக்கிப் பார்த்தே ஆக வேண்டும். இடித்தால், சஸ்பென்ஷன் ஓர் அளவுக்கு மேல் அமுங்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பின் நீளம் கூட்ட வேண்டும். 3 அங்குலத்தில் பல வண்டிகளில் இடம் போதாது. அப்படியானால் இரண்டையும் கம்பெனி இடத்திலேயே விட்டு, இணையாக இருப்பதை மட்டும் உறுதி செய்யுங்கள். செங்குத்தாக ஆனாலும் இணையாக இருக்கிற ஜோடி, ஒன்று படுத்து ஒன்று சாய்ந்த ஜோடியை விட எவ்வளவோ மேல்.

பார்க்க எளிய வழி: ஆங்கிள் மீட்டரை இரண்டிலும் வையுங்கள், ராட் வளைந்திருந்தால் வளைவை நம்பாமல் இரண்டு முனை போல்ட் மையங்களையும் இணைக்கும் கோட்டை எடுங்கள். ஒரு டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. எஞ்சினை அணைத்து, ஸ்டியரிங் லாக் விழாமல் வைத்து, முன் பம்பரை இரண்டு பேர் அமுக்கி விட்டால், ஸ்டியரிங் வீல் இடதும் வலதுமாகத் தெளிவாக ஆடுகிறதா என்றும் பாருங்கள். ஆடினால் பம்ப் ஸ்டியர் இருக்கிறது. உங்கள் கிட்டில் டிராப் பிட்மன் வந்ததா, பான்ஹார்ட் பிராக்கெட் வந்ததா என்று நீங்கள் சொல்லவில்லை, இரண்டில் ஒன்று மட்டும் வந்திருக்கும் என்பது என் ஊகம்.

பான்ஹார்ட் செங்குத்தானால் ஆக்ஸில் சேஸிஸ் முனை இருக்கும் பக்கமாக நகரும். 850 மி.மீ நீள ராட், முதலில் முனைகளுக்கிடையே 50 மி.மீ உயர வித்தியாசம், 75 மி.மீ லிஃப்ட் என்றால் நகர்வு சுமார் 8 மி.மீ. நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்ட் ராட் போட்டு, சேஸிஸின் இரண்டு பக்கத்திலிருந்தும் தூக்குக்குண்டு விட்டு சக்கரத்துக்கு அளந்து நடுவுக்குக் கொண்டுவரலாம். 3, 4 மி.மீ மிச்சம் இருந்தால் விட்டுவிடுங்கள், ஓட்டும்போது தெரியாது. ஆனால் பான்ஹார்டைத் தொட்ட ஒவ்வொரு முறையும் ஆக்ஸில் நகர்கிறது, டிராக் லிங்க் அதே நீளத்தில் இருக்கிறது, அதனால் ஸ்டியரிங் வீல் கோணும். உங்கள் வீல் சாய்ந்து நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இப்போதுதான் டோ. இரண்டு நக்கிளையும் நேராக இணைக்கும் டை ராட் உள்ள வண்டியில் லிஃப்டால் டோ அதிகம் மாறாது. டிராக் லிங்கின் நடுவிலிருந்து இன்னொரு நக்கிளுக்குக் கிளை போகிற அமைப்பில், ரேங்லர் டிஜே மாதிரி, உயரம் மாறினால் டோவும் மாறும், லிஃப்ட் முடிந்த அன்றே டயர் தேய ஆரம்பித்துவிடும். அளக்க ஒரு பழைய வழி: சக்கரத்தைத் தூக்கி, டயர் பட்டையின் நடுவே பெயின்ட் அடித்து, டயரைச் சுழற்றியபடி அசையாமல் பிடித்த ஆணியால் ஒரு கோடு கீறுங்கள். டயர் வளைவாக இருந்தாலும் அந்தக் கோடு பொய் சொல்லாது. இறக்கி, முன்னால் சில மீட்டர் உருட்டி நிறுத்தி, ஆக்ஸில் உயரத்தில் முன்பக்கக் கோடுகளுக்கு நடுவேயும் பின்பக்கக் கோடுகளுக்கு நடுவேயும் டேப் பிடியுங்கள். முன்பக்கம் 2 முதல் 3 மி.மீ குறைவாக இருக்கட்டும். 33 அங்குல டயரில் 3 மி.மீ என்பது மொத்தம் 0.2 டிகிரி சுமார். ஓடும்போது டயரின் உராய்வு சக்கரங்களை வெளிப்பக்கம் தள்ளுவதால் இந்த டோ-இன் தேவை. டோ-அவுட்டில் விட்டால் கேஸ்டர் சரியாக இருந்தும் வண்டி அலையும். இறுக்கும்போது டை ராடின் இரண்டு முனை மூட்டுகளும் ஒரே திசையில் நடுவாக இருக்கின்றனவா என்று பாருங்கள், ஒன்று முறுக்கிக்கொண்டு இறுகினால் டை ராட் சுழலாமல் கடிக்கும். மெஷினில் ஏற்றுவதாக இருந்தால் அதுவும் இந்தக் கட்டத்தில்தான்.

டோ முடிந்த பிறகு கடைசியாக ஸ்டியரிங் வீல். டிராக் லிங்கின் நடுவில் இருக்கும் திருகு உறையின் இரண்டு கிளாம்ப்பையும் தளர்த்தி, வீல் நேராகும் வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள், ஓட்டிப் பாருங்கள், மறுபடி திருத்துங்கள். ஸ்டியரிங் வீலைக் கழற்றி வேறு பல்லில் மாட்டி நேராக்கிக் கொடுப்பவர்கள் உண்டு. அதை அனுமதிக்காதீர்கள். ஸ்டியரிங் பாக்ஸின் நடு நிலையில்தான் பல் இறுக்கமாகப் பொருந்தும்படி செய்யப்பட்டிருக்கிறது. நேராகப் போகும்போது பாக்ஸ் நடுவில் இல்லாவிட்டால் ஹைவேயில் நடுவில் ஆட்டம் தெரியும், ஒரு பக்கம் யு-டர்ன் அகலமாகப் போகும். புது வண்டிகளில் இன்னொரு தொல்லை: ஸ்டியரிங் கோண சென்ஸார். வீல் கோணலாக இருந்தால் நீங்கள் திரும்புகிறீர்கள், வண்டி திரும்பவில்லை என்று இஎஸ்பி (வண்டி நிலைதடுமாறாமல் காக்கும் மின்னணு அமைப்பு) நினைத்துக்கொண்டு தானாக பிரேக் பிடிக்கும், ரேங்லர் ஜேகே-வில் இது நன்கு தெரிந்த பிரச்சினை. இயந்திர ரீதியாக நேராக்கிய பிறகு சென்ஸாரையும் ஸ்கேனர் வைத்து நடு நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

உதறல். முன் ஸாலிட் ஆக்ஸில் வண்டியில் குறிப்பிட்ட வேகத்தில் ஒரு மேட்டில் தட்டினவுடன் இரண்டு சக்கரமும் இடம் வலமாக வெறித்தனமாக ஆடத் தொடங்கி, வேகம் நன்கு குறையும் வரை நிற்காத ஆட்டம் அது. வந்தால் ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து, பதறாமல் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். தூண்டுவது பேலன்ஸ் இல்லாத டயராக இருக்கலாம், ஆனால் தொடர விடுவது ஒரு மூட்டில் உள்ள ஆட்டம், அதிலும் பான்ஹார்ட் போல்ட்டும் புஷ்ஷும்தான் முதல் சந்தேகம். ஒவ்வொரு உதறலும் மற்ற மூட்டுகளையும் அடித்துத் தளர்த்துவதால் ஒத்திப் போடாதீர்கள். கனமான மண் டயர்களை நன்றாக பேலன்ஸ் செய்யுங்கள், காற்றழுத்தத்தை இரண்டு பக்கமும் ஒன்றாக வையுங்கள். எல்லா மூட்டும் இறுக்கமாகி, ஸ்டெபிலைசரைக் கழற்றிவிட்டு ஓட்டினாலும் உதறவில்லை என்றால்தான் வேலை முடிந்தது. அதன் பிறகு நல்ல ஸ்டெபிலைசர் ஒன்று மாட்டுங்கள், கல்லில் சக்கரம் இடிக்கும்போது கைக்கு வரும் அதிர்ச்சியைக் குறைக்க அது உண்மையிலேயே உதவும்.

லீஃப் ஸ்பிரிங் முன் ஆக்ஸில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஷேக்கிள் (ஸ்பிரிங் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஆடும் கண்ணி) ஸ்பிரிங்கின் பின்முனையில் இருந்து, அதை நீட்டினால் கேஸ்டர் கூடும், முன்முனையில் இருந்து நீட்டினால் குறையும். திருத்த ஆப்பு வடிவ ஷிம் போடலாம், அலுமினியம் வேண்டாம், இரும்பு போடுங்கள்.

தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில், ஹைலக்ஸ் போன்றவற்றில், கதை வேறு. அங்கே லிஃப்டால் கேஸ்டர், கேம்பர், டோ மூன்றுமே மாறும், மூன்றையும் மெஷினில் திருத்த வழியும் உண்டு. கீழ் ஆர்மின் கேம் போல்ட்டுகளில் (திருப்பினால் ஆர்மின் முனையை உள்ளே வெளியே நகர்த்தும் போல்ட்டுகள்) முன் கேமை உள்ளேயும் பின் கேமை வெளியேயும் தள்ளினால் கீழ் பால் ஜாயிண்ட் முன்னால் போய்க் கேஸ்டர் கூடும். 2 அங்குலத்துக்கு மேல் போனால் பல வண்டிகளில் கேம் எல்லை முடிந்துவிடும், அப்போது கேஸ்டர் கூட்டிச் செய்த மேல் கன்ட்ரோல் ஆர்ம்தான் வழி. பழைய வண்டியில் கேம் போல்ட் புஷ் குழாயோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும், அலைன்மென்டுக்குப் போவதற்கு முன்பே அது சுழல்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நூறு நூற்றைம்பது கி.மீ ஓடிய பிறகு எல்லா போல்ட்டையும் மறுபடி டார்க் ரெஞ்சில் பாருங்கள். புது ஸ்பிரிங் கொஞ்சம் அமர்ந்திருக்கும், டோவையும் வீல் நேராக நிற்பதையும் அப்போது இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது இழுபடவில்லையே என்று பாருங்கள், ஹெட்லைட்டை இறக்கி வையுங்கள்.

இரண்டு பக்கக் கேஸ்டர் எவ்வளவு, பான்ஹார்ட் கோணமும் டிராக் லிங்க் கோணமும் எவ்வளவு, கிட்டில் என்னென்ன பிராக்கெட் வந்தது, இந்த மூன்றையும் எழுதுங்கள். கீழ் ஆர்ம் மட்டும் போதுமா, பான்ஹார்ட் ராடும் வேண்டுமா என்று அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.